மணலில் சிக்கிய வண்டியும் வின்ச் கயிறும்: இன்சூரன்ஸ் கேள்வி-பதில்

தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை 2017-ல் தார் ரோடு திறந்தபிறகு, முன்பு ஜீப்பும் வேனும் மட்டுமே போய்வந்த மணலுக்குப் பக்கத்தில் எல்லா வகைக் காரும் வந்து நிற்கிறது. ஓரங்கட்ட நாலடி இறங்கினால் போதும், சக்கரம் புதைந்துவிடும். இழுக்கும்போது ஏதாவது உடைந்தால் யார் பணம் கொடுப்பது என்று கேட்டுத்தான் இம்முறை பலரும் எழுதியிருக்கிறார்கள்.

அரியமான் கடற்கரையில் சிக்கிய நண்பரின் காரை என் ஜீப் வின்சால் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மோட்டார்) இழுத்தேன். அவர் வண்டியின் முன்கொக்கி பெயர்ந்து பம்பரும் ரேடியேட்டரும் போய்விட்டன. என் தேர்ட் பார்ட்டி இன்சூரன்சில் வாங்கித் தரலாமா? (உச்சிப்புளி வாசகர்)

கிடைக்கும் என்று நம்பி அவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிறர் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்குத் தனியார் கார் பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பது சரிதான். ஆனால் பாலிசிதாரரின் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் பொருளுக்குப் பணம் இல்லை என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. கயிற்றில் மாட்டி இழுத்த வண்டி உங்கள் கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனி அந்த வரியைக் காட்டும். "உடைந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு இழுத்திருந்தால் இன்னும் சிக்கல். ஒப்பந்தத்தால் வரும் பொறுப்புக்கும் பாலிசியில் இடமில்லை.

நண்பர் தன்னுடைய ஓன் டேமேஜில் (சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பு) கேட்பதுதான் நேர்வழி. 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லையென்றால் பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி விலைதான் வரும். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அடிபடும். சேதம் எதுவும் இல்லாமல் வெறுமனே மணலில் சிக்கியதற்கு ஓன் டேமேஜில் கிளெய்மே கிடையாது.

அந்தக் கொக்கி ஏன் பெயர்ந்தது என்பதையும் பாருங்கள். பம்பர் ஓட்டையில் திருகிப் போடும் வளையம் தார் ரோட்டில் உருளும் வண்டியை நேராக இழுப்பதற்கானது. சக்கரம் முழுக்கப் புதைந்த 1,500 கிலோ காரை அசைக்க ஏறக்குறைய அதே 1,500 கிலோ இழுவை வேண்டும். பக்கவாட்டில் கோணமாக இழுத்தால் திருகின் கழுத்து வளைந்து ஒடியும். முதலில் நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் வண்டியின் அடிவயிற்றிலும் மணலை வாரி எடுத்து, டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அதன்பிறகு வின்சே தேவைப்படாது. கயிறு மாட்டும் முன் கொக்கியையும் ஷாக்கிளையும் (கயிற்றைக் கொக்கியில் இணைக்கும் இரும்பு வளையம்) கிட்டே வைத்து ஒரு படம், உடைந்தபின் வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சேதத்துக்கு சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம் வருவார். அவர் கேட்கும் முதல் கேள்வி, எதில் மாட்டி இழுத்தீர்கள் என்பதுதான்.

கயிறு அறுந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவரின் கால் உடைந்தது. வண்டி ஓடாமல் நின்றதால் மோட்டார் விபத்து ஆகாது என்கிறார்களே? (தொண்டி வாசகர்)

அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வண்டியின் 'பயன்பாடு' என்பது ஓடும்போது மட்டுமல்ல. கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கில், அதுவும் பயன்பாடுதான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடம் எதுவும் 'பொது இடம்' என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கடற்கரைக்கு இது பொருந்தும் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. காயத்துக்கும் உயிரிழப்புக்கும் 7.5 லட்சம் என்ற வரம்பு கிடையாது. உடனே போலீசில் எழுதிக் கொடுங்கள். கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட 6 மாதம் என்று சட்டத்தில் இருப்பதால் காயம்பட்டவர் தள்ளிப்போடக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் உதவி செய்பவரைக் காக்கும் 134ஏ பிரிவை நம்பியும் சிலர் எழுதுகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு உதவும்போது, அந்தச் சிக்கியவருக்கே நேரும் காயம் பற்றியது அந்தப் பிரிவு. ஓரமாக நின்றவரின் காலுக்கோ இழுபட்ட வண்டிக்கோ அது உதவாது.

என் வின்ச் கயிற்றில் என் கையே மாட்டி மணிக்கட்டு முறிந்தது. வண்டி உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பில் வருமா? (சாயல்குடி வாசகர்)

வராது. உயிரிழப்பு, கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்தக் காப்பு. எலும்பு முறிவுக்குத் தனி விபத்து பாலிசியோ மருத்துவ பாலிசியோ வேண்டும்.

கரையில் படகு இழுக்கும் என் டிராக்டரில் சுற்றுலாக் கார்களையும் இழுத்துவிட்டு 1,000 ரூபாய் வாங்குகிறேன். தப்பா? (வாலிநோக்கம் வாசகர்)

தப்பு, ஆபத்தும்கூட. உங்கள் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற வரியைப் படியுங்கள். விவசாய வேலைக்கு என்றிருந்தால், படகு இழுப்பதே அதற்கு வெளியே. கூலிக்குக் கார் இழுப்பது இன்னும் வெளியே. தனியார் ஜீப்பிலும் கூலிக்கு ஓட்டுவது விலக்கு. வணிக வண்டி பாலிசியில் பழுதான ஒரு வண்டியை இழுத்துச் செல்ல இடமுண்டு, ஆனால் கூலி வாங்காமல் இழுக்க வேண்டும், இழுபடும் வண்டியின் சேதமும் அதில் வராது. காசு கை மாறியது தெரிந்தால், காயம்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். நிலம் விற்றுக் கட்டும் நிலை அப்படித்தான் வருகிறது. இதையே தொழிலாகச் செய்வதென்றால் மீட்பு வண்டியாகப் பதிவு செய்து, பொதுப் பொறுப்பு பாலிசியும் தனியாக எடுங்கள்.

45,000 ரூபாய்க்கு வின்ச் பொருத்தினேன். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்ல வேண்டுமா? (ராமநாதபுரம் வாசகர்)

கட்டாயம். கூடுதல் மின்சாதனமாக எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் குறிப்பு) போட மதிப்பில் 4 சதவீதம், அதாவது 1,800 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். சொல்லாவிட்டால் திருடு போனால் உங்கள் நஷ்டமே. உப்புக்காற்றில் வரும் துருவுக்கு, சொன்னாலும் கிளெய்ம் இல்லை. வண்டியோடு வந்த பம்பரைக் கழற்றி இரும்பு பம்பர் போடுவது வேறு விஷயம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஏர்பேக் சென்சாரும் குழம்பும்.

கடல் தண்ணீர் ஏறினால்? (ஏர்வாடி வாசகர்)

இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை தட்டையாக இருக்கும் இடத்தில் அதுவே சக்கரத்தை மூடிவிடும். ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜின் காப்பு இல்லாதவர்களுக்கு அந்தச் செலவை மறுப்பார்கள். வண்டியைத் தனியே விட்டுவிட்டுப் போவதும் கிளெய்மைக் கெடுக்கும்.

பக்கத்தில் பனைமரமோ வல்லமோ (நாட்டுப் படகு) இருந்தால் கயிறு கட்டலாமா? (முந்தல் வாசகர்)

வல்லத்தில் வேண்டாம். பலகை பெயர்ந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போய்விடும். பனையில் கட்டுவதானால் உரிமையாளரிடம் கேட்டு, அகலமான நாடாப் பட்டையை அடிமரத்தில் சுற்றுங்கள். புல்லி போட்டுக் கயிற்றை உங்கள் வண்டிக்கே திருப்பினால் மரத்தின் மேல் இழுவை இரட்டிப்பாகும் என்பதை மறக்காதீர்கள். மரமே இல்லாத இடத்தில் ஸ்டெப்னிதான் நங்கூரம். மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, ரிம் ஓட்டையில் கம்பியைக் குறுக்கே போட்டுப் பட்டையை மாட்டி, டயரைச் செங்குத்தாக நிறுத்தி, ஈரமணலால் மிதித்து மூடுங்கள். பட்டை வரும் பக்கம் சரிவாக ஒரு கால்வாய் வெட்டாவிட்டால், இழுக்க இழுக்க டயர் மேலே கிளம்பி வந்துவிடும்.