வாசகர் கேள்வி பதில்: காலையில் மட்டும் உதறும் எஞ்சின்

கேள்வி: 2013இல் பதிவான டொயோட்டா வயோஸ், சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) ஐந்தாண்டு நீட்டித்த வண்டி. காலையில் முதலில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் உதறுகிறது, செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. ஸ்கேனரில் பி0302 என்ற பழுதுக் குறியீடு வந்தது. கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறைகிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) மாற்றச் சொல்கிறார்கள், இன்னொன்றில் ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதி) திறக்கணும் என்கிறார்கள். யாரை நம்புவது?
- வாசகர், ஈசூன்

பதில்: பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாகப் பற்றவில்லை), அவ்வளவுதான். ஏன் என்று அது சொல்லாது. ஆனால் காலை உதறலும் கூலண்ட் குறைவதும் சேர்ந்து வருவதால் எங்கள் சந்தேகம், ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் மேல்தான். எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டரில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் அந்த அழுத்தம் கூலண்டை சிலிண்டருக்குள் தள்ளும். இரவில் பிஸ்டன் தலையில் தேங்கியது காலையில் பிளக்கை நனைத்துவிடும், அது ஆவியாகிப் போனதும் எஞ்சின் சீராகும். காயில் பழுதென்றால் பெரும்பாலும் எஞ்சின் சூடான பிறகும், மேட்டில் மிதிக்கும்போதும் உதறும்.

சந்தேகத்தை மட்டும் வைத்து ஹெட்டைத் திறக்க விடாதீர்கள். முதலில் செலவில்லாத சோதனை: இரண்டாவது சிலிண்டர் காயிலை நான்காவதற்கு மாற்றிப் போடுங்கள். பத்து எம்எம் போல்ட் ஒன்று, கனெக்டர் ஒன்று, ஐந்து நிமிட வேலை. மறுநாள் கோட் பி0304 ஆனால் காயில்தான் காரணம். பி0302 ஆகவே நின்றால் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். கழற்றும்போது பிளக்குகளை வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று கழுவியதுபோல் வெளுத்தும் இருந்தால் அந்தச் சிலிண்டரில் கூலண்ட் எரிகிறது.

அடுத்து அழுத்தச் சோதனை. எங்கள் பார்வையில் உங்கள் வண்டிக்கு இதுதான் தீர்மானமானது. எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் வாயில் அளவு முள் உள்ள கைப்பம்பு மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு (பொதுவாக 1.1 பார்) ஏற்றி, இரவு முழுக்க விடவேண்டும். காலையில் முள் இறங்கியிருந்து, வெளியே வாட்டர் பம்ப், ஹோஸ், ரேடியேட்டர் எங்கும் ஈரம் இல்லையென்றால், பிளக் துளை வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நனைந்த பிஸ்டன் கண்ணுக்கே தெரியும். ரேடியேட்டர் வாயில் நீல திரவம் வைத்துப் பார்க்கும் சோதனையும் உண்டு. சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டில் கலந்தால் அது மஞ்சளாகும். ஆனால் ஆறியபின் மட்டும் கசியும் கேஸ்கெட்டில் நிறம் மாறாமலே போகலாம். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையும் அப்படித்தான்: இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களில் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போய்விட்டது, எல்லாம் சமமாக இருந்தால் மட்டும் கேஸ்கெட் நல்லது என்று ஆகிவிடாது.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட்டர் சுற்றாமல் ‘டக்’ என்று நின்றால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டர் நிறையத் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கேஸ்கெட்தான் என்று உறுதியானால், வேலையை ஒப்படைக்கும் முன் பட்டறையில் இவற்றைக் கேளுங்கள். ஹெட்டை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி விரிசல் பார்ப்பார்களா? நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஹெட், பிளாக் இரண்டின் தளத்தையும் அளப்பார்களா? இந்த 1என்இசட்-எஃப்இ எஞ்சினுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட சுழலும் உப்புத்தாள் வட்டு வேண்டாம். அது அலுமினியத்தில் பள்ளம் போடும், அதன் தூள் பேரிங்கைத் தின்றுவிடும். போல்ட் துளைகளில் எண்ணெயோ கூலண்டோ தேங்கினால் டார்க் (இறுக்கும் விசை) அளவு பொய்யாகும், பிளாக்கிலேயே விரிசல் விழலாம்; ஊதித் துடைத்தாக வேண்டும். உலோக அடுக்குக் கேஸ்கெட்டுக்குப் பசை எதுவும் தேவையில்லை. போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள், பழையவை நீண்டிருக்கும். பத்து போல்ட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 29 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பிறகு 90 பாகை, மறுபடி 90 பாகை திருப்ப வேண்டும். ஒவ்வொரு தலையிலும் பெயின்ட் புள்ளி வைத்துத் திருப்பினால் எது விடுபட்டது என்று தெரியும்.

கேஸ்கெட் தானாகப் போவது குறைவு. தெர்மோஸ்டாட், ஃபேன், ரேடியேட்டர் எது வண்டியைச் சூடாக்கியது என்று பார்க்காமல் மூடினால் புதியதும் போகும். எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள் (ஃபில்டருடன் 3.7 லிட்டர்). கூலண்ட் ஊற்றியபின் மூடியைத் திறந்துவைத்து, ஃபேன் இரண்டுமுறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டு, காற்றை வெளியேற்ற வேண்டும்.

பணக் கணக்கு தனி. ஐந்தாண்டு நீட்டிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது, 2028இல் வண்டியின் பதிவை ரத்து செய்தாக வேண்டும். ஹெட் வேலைக்குக் கேட்கும் வெள்ளியை மீதி மாதங்களால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: டீலரிடம் பழைய கார் வாங்கி மூன்று மாதம்தான். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ‘பழைய வண்டி, பொறுப்பில்லை’ என்கிறார்கள்.
- வாசகர், பிடோக்

பதில்: 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் (குறையுள்ள பொருளுக்குப் பரிகாரம் கேட்க உதவுவது) பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று டீலர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் வண்டியின் வயதும் விலையும் கணக்கில் வரும், வாங்கும்போதே சொல்லப்பட்ட குறைக்கும் கேட்க முடியாது. தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இது உதவாது. முதலில் டீலருக்கு எழுத்தில் தெரிவித்து, பழுதுபார்க்க வாய்ப்புக் கொடுங்கள். அவர்கள் பார்க்கும் முன் வேறு பட்டறையில் ஹெட்டைத் திறந்துவிடாதீர்கள், சாட்சியமே கலைந்துபோகும். அழுத்தச் சோதனை அறிக்கை, முள்ளின் படம், கிலோமீட்டர் எண் எல்லாம் சேருங்கள். ஒத்துவரவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000.

கேள்வி: இங்கே பனியா பெய்கிறது? கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் போதாதா? கசிவை அடைக்கும் திரவம் ஊற்றலாமா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: போதாது. கூலண்ட் உறையாமல் காப்பதற்கு மட்டும் இல்லை. கொதிநிலையை உயர்த்தும், அலுமினியம் அரிக்காமலும் காக்கும். வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், வீடு வந்ததும் வடித்துவிட்டு சரியான கூலண்டை நிரப்புங்கள். கசிவை அடைக்கும் திரவம் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விற்கப்போகிறவர்கள் ஊற்றுவது அது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும்.