அந்தத் தலைவலி யாருக்கு?

கேள்வி: வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. ஆனி முதல் வாரம் மதுரையிலிருந்து காரிலேயே கன்னியாகுமரிக்கு ஹனிமூன் போனோம். சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கோவில்பட்டியில் என் நண்பனைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினோம். திருநெல்வேலியில் தன் சித்தி வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வரலாமா என்றாள் மனைவி. சித்தப்பா படுத்த படுக்கை என்பதால் அவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. நேரமாகிவிடும் என்று பைபாஸிலேயே போய்விட்டேன். சித்தி போன் செய்தபோது எனக்குத் தலைவலி என்று கூசாமல் பொய் சொன்னாள். அதன்பிறகு பேச்சே இல்லை. கடற்கரைக்கு வரவில்லை. மறுநாள் கண்ணாடிப் பாலத்துக்கும் நான் தனியாகத்தான் போனேன். இவ்வளவு செலவு செய்து கூட்டிப் போனவனுக்கு இதுதான் மரியாதையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, புதுசில் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். போகப் போகச் சரியாகாத வீடுகளிலிருந்துதான் எனக்குப் பாதிக் கடிதங்கள் வருகின்றன.

'கூசாமல் பொய் சொன்னாள்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பொய் யாருக்காக? கல்யாணத்துக்கு வர முடியாத அந்த மனுஷி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சமைத்து வைத்துவிட்டுத்தான் போன் செய்திருப்பார். 'அவர் நிறுத்த மாட்டேன்னுட்டார் சித்தி' என்பதுதான் உண்மை. அதைச் சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் அவள் சொந்தபந்தம் முழுக்க உங்கள் பெயர் கெட்டிருக்கும். நீங்கள் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்க, அழுகையை விழுங்கிக்கொண்டு உங்கள் மானத்தைக் காப்பாற்றினாள். நீங்கள் அதையே குற்றப்பத்திரிகையில் சேர்த்து எனக்கு அனுப்புகிறீர்கள்!

நேரமாகிவிடும் என்றீர்களே, அந்தக் கணக்கையும் பார்ப்போம். கோவில்பட்டியில் ஒரு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குத் திருநெல்வேலி. அங்கிருந்து குமரி சுமார் 85 கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் ஒன்றரை மணி நேரம். ஆனியில் சூரியன் மறைவது ஆறரைக்கு மேல். நிதானமாகச் சாப்பிட்டு, சித்தப்பா கட்டிலருகே அரை மணி உட்கார்ந்துவிட்டு வந்திருந்தாலும் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நண்பனுக்கு இருந்த நேரம் சித்திக்கு இல்லாமல் போனது கடிகாரத்தின் குற்றமா?

இன்னொன்று. கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் குமரிமுனையில் நின்று பார்க்க ஐப்பசிக்கு மேல் மாசிக்குள் போக வேண்டும். ஆனியில் அவன் வடமேற்கே சாய்ந்து கரைப் பக்கமாக மறைவான், அதுவும் தென்மேற்குப் பருவமழை மேகம் விட்டால். இல்லாத காட்சிக்காக இருக்கிற மனுஷர்களைத் தாண்டி வண்டி ஓட்டியிருக்கிறீர்கள்.

நான் பழைய ஆள். புதுமணத் தம்பதி சொந்தக்காரர் வீட்டில் விருந்துக்குப் போவது சாப்பாட்டுக்காக அல்ல. இவள் பக்கத்து மனுஷர் இனி என் மனுஷர் என்று நாலு பேர் பார்க்க ஒப்புக்கொள்வதற்குத்தான். அதைத் தட்டிக்கழித்துவிட்டுச் செலவுக் கணக்குச் சொல்வது ஆண்பிள்ளைக்கு அழகில்லை. 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் எங்கும் போய்விடாது. பெண்டாட்டியை அறையில் விட்டுவிட்டு அங்கே யாரோடு நின்று படம் எடுத்தீர்கள்?

உங்கள் மனைவியும் பைபாஸ் பிரியும் இடத்திலேயே 'வண்டியைத் திருப்புங்க' என்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை, எழுதினால் அவருக்கும் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் திருநெல்வேலிக்குப் போங்கள். வேறெங்கும் போகிற வழியில் அல்ல, அங்கே போவதற்காகவே. ராத்திரி தங்குங்கள். சித்தியிடம் உண்மையைப் போட்டு உடைத்து உத்தமன் ஆகிவிடாதீர்கள், அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். 'அன்னிக்கு வர முடியாமப் போச்சு, மன்னிச்சுக்குங்க' என்றால் போதும். தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள். மனைவியிடம் மட்டும் காரில் ஏறியதுமே பேசிவிடுங்கள். அங்கே சமாதானம் வேண்டாம், மன்னிப்பு மட்டும். வருகிறோம் என்று சித்திக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். அவளிடம் சொல்லிச் செய்யவைக்காமல், நீங்களே.