பெங்களூரு மலிவா, சென்னை மலிவா? கரண்ட் பில் கேள்வி பதில்

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குப் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அதனால் இ.பி. பில்லைக் கையில் பிடித்தபடி வருகிறவர்கள் அதிகம். கீழே சொல்லும் சென்னைக் கட்டணம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.

பள்ளிக்கரணையிலிருந்து: சார், பெங்களூருவில் இருக்கும் என் பையன் யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசுதான் கட்டுகிறானாம். நம் பில்லில் 11 ரூபாய் 55 காசு என்று ஒரு விலை போட்டிருக்கிறது. இது நியாயமா?

அந்த ஒரு விலையை மட்டும் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அது இரண்டு மாதத்தில் 1000 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு, தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் உள்ள விலை. நமக்கு முதல் 100 யூனிட் இலவசம். எத்தனை யூனிட் ஓடினாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணமும் வீடுகளுக்கு 2022 செப்டம்பரிலேயே போய்விட்டது. பெங்களூருவில் 2025 ஏப்ரல் ஆணைப்படி எல்லா யூனிட்டுக்கும் 5.80தான். அதோடு கிலோவாட்டுக்கு மாதம் 145 ரூபாய் நிலைக் கட்டணம், மின் ஊழியர் ஓய்வூதியத்துக்காக யூனிட்டுக்கு 36 காசு கூடுதல், 9 சதவீத வரி எல்லாம் சேரும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாதம் 250 யூனிட், 3 கிலோவாட் இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு உங்கள் பையனுக்குச் சுமார் 4,200 ரூபாய் ஆகும், உங்களுக்கு 1,805. மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்ற திட்டம் அங்கே உண்டு. ஆனால் 200-ஐத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும்.

மூன்று ஏசி ஓடி மாதம் 750 யூனிட் ஆகும் வீடு என்றால் நிலைமை தலைகீழ். சென்னையில் 12,645, பெங்களூருவில் சுமார் 10,900. இரண்டு மாதத்துக்கு 1,100 யூனிட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அவர்கள் பக்கம் மலிவாகிவிடுகிறது. அதனால் யாராவது “அங்கே மலிவு” என்றால், முதலில் அவர் வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று கேளுங்கள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து: எங்களுக்குத் தடா கூப்பிடு தூரம். ஆந்திரா பக்கம் எப்படி? அப்புறம், பாண்டிச்சேரி ரொம்ப மலிவு என்கிறார்களே?

ஆந்திராவில் 2022 ஏப்ரல் கட்டணப்படி முதல் 30 யூனிட் 1.90, 75 வரை 3 ரூபாய், 125 வரை 4.50, 225 வரை 6 ரூபாய், 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. எல்லாம் மாதக் கணக்கு. 250 யூனிட்டுக்குச் சுமார் 1,236 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 2,470-ஐத் தாண்டும். எரிபொருள் விலை மாற்றத்துக்கான சரிக்கட்டல் தனி.

புதுச்சேரியில் 2024 ஜூன் ஆணைப்படி மாதம் முதல் 100 யூனிட் 2.70, அடுத்த நூறு 4 ரூபாய், அதற்கடுத்த நூறு 6 ரூபாய், மேலே 7.50. மாதம் 250 யூனிட் என்ற அதே கணக்கில் இரண்டு மாதத்துக்கு 1,940, நிலைக் கட்டணம் வேறு. கிட்டத்தட்ட நம் அளவுதான். ஆனால் மேல் ஸ்லாப், அதாவது கடைசி விலைப் படி, 7.50-இலேயே நின்றுவிடுவதால் பெரிய வீட்டுக்காரர்களுக்கு அங்கே கொண்டாட்டம்.

அயனாவரத்திலிருந்து: போன தடவை 496 யூனிட், இந்தத் தடவை 503. ஏழு யூனிட்டுக்கு இவ்வளவு ஏறுமா? மீட்டரில் கோளாறா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கும், 500 என்ற வரப்புதான் காரணம். 500 வரை இருந்தால் 101 முதல் 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 சலுகை மறைந்து, 101-இலிருந்தே 4.70 ஆகிவிடும். மேலே போகிற யூனிட்டுக்கு 8.40. அதனால் 500-க்கு 1,805, 501-க்கு 2,048. ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய்! எனக்கே ஒரு கோடையில் 508 வந்தது. அந்த எட்டு யூனிட்டுக்கு 302 ரூபாய் அழுதேன். அதிலிருந்து ஐம்பதாவது நாள் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஏசி ரிமோட்டைத் தொடுவது. கேரளத்தில் இந்த வரப்பைத் தாண்டினால் ஏற்றம் இன்னும் அதிகம். மாதம் 250-ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே விலை.

ரீடிங் எடுப்பவர் தாமதமாக வந்து, அந்தக் கூடுதல் நாள்களால் 500-ஐத் தாண்டிவிடும் என்று தோன்றினால் அறுபதாவது நாள் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பிரிவு அலுவலகத்தில் வெறும் வாயால் பேசுவதைவிட அது உதவும்.

ராமாபுரத்திலிருந்து: மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும்தானே? 2021 தேர்தலில்கூடச் சொன்னார்களே.

எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஸ்லாப்பை அப்படியே வைத்துக்கொண்டு மாதாமாதம் எடுத்தால் குறையும். ஸ்லாப்பையும் பாதியாக்கினால் ஏறவும் கூடும். மே மாதம் 350, ஜூனில் 150 என்று வையுங்கள். சேர்த்து எடுத்தால் 500, பில் 1,805. பாதி ஸ்லாப்பில் தனித்தனியாக எடுத்தால் மேக்கு 1,912.50, ஜூனுக்கு 352.50, ஆக 2,265. கத்திரி வெயில் மாதத்தை அடுத்த மாதம் தாங்கிப் பிடிப்பது இரண்டு மாதக் கணக்கில் உள்ள ஒரு வசதி.

சூளைமேட்டிலிருந்து, வாடகைக்கு இருப்பவர்: அண்ணா, ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். போன தடவை 300 யூனிட்டுக்கு 2,400 கொடுத்தேன்.

தம்பி, உங்கள் பெயரில் தனி இணைப்பு இருந்திருந்தால் அதே 300-க்கு 705 ரூபாய்தான். ஓனரும் நீங்களும் ஒரே மீட்டரில் ஆளுக்கு 300 ஓட்டினாலும் மொத்தம் 600-க்கு 2,880. சரிபாதி 1,440. மீதி 960 எங்கே போகிறது என்று மரியாதையாகவே கேட்கலாம். சண்டை வேண்டாம், மின்வாரிய பில்லின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் “மீட்டர் தனியா?” என்று கேட்டுவிடுங்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து: எட்டு வீடு, இரண்டு மாடி, லிப்ட் இல்லை. பொது மோட்டாருக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போட்டிருக்கிறார்கள்.

பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டடத்துக்குப் பொது இணைப்பின் விலை 2023 நவம்பரில் 8.15-இலிருந்து 5.50 ஆகக் குறைந்தது. உங்கள் கட்டடம் அதில் வரும். பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

கே.கே. நகரிலிருந்து: மும்பையில் கம்பெனி மாற்றிக்கொள்கிறார்களாமே, நாம் மாற்ற முடியாதா?

அங்கே சில பகுதிகளில் டாடா, அதானி இரண்டும் விநியோகம் செய்வதால் மாறலாம். இங்கே அரசின் மின் பகிர்மானக் கழகம் ஒன்றுதான். சென்னைக்கும் ஒரு காலத்தில் தனியார் கம்பெனிதான் கரண்ட் கொடுத்தது, 1947-இல் அரசு எடுத்துக்கொண்டது. உங்களுக்கு ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் கீசரைப் போட்டுவிட்டு மறக்கிற பழக்கத்தை மாற்றுங்கள். 2 கிலோவாட் கீசர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட்.