'ஹேட்செட்' நாவலை வகுப்பில் நடத்துவது: கேள்வி பதில்

விமானம் விழுந்து கனடாவின் காட்டில் 54 நாள் தனியாகக் கிடக்கும் பிரையன், அவன் கையில் ஒரு கைக்கோடரி. கேரி பால்சன் 1987இல் எழுதிய இந்த நாவலைப் பல வருடமாக ஐந்தாம் வகுப்புக்கு நடத்தி வருகிறேன். கேளுங்கள்.

எந்த வயதுக்குச் சரிவரும்?

பத்து, பதினொன்று. அதற்குக் கீழே வேண்டாம். முக்கியமாக, நீங்கள் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

ஆரம்பத்திலேயே விமானி மாரடைப்பில் இறந்துவிடுகிறார். பிள்ளைகள் பயப்பட மாட்டார்களா?

பயப்படுவார்கள், அதனால்தான் அந்த அத்தியாயத்தை நான் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதே இல்லை, நானே சத்தமாக வாசிப்பேன். விமானி அசைவில்லாமல் கிடக்க, பிரையன் தனியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, 'இப்போது நீ என்ன செய்வாய்?' என்று ஐந்து நிமிடம் எழுதச் சொல்வேன். பயம் கேள்வியாக மாறிவிடும். அப்புறம் வாக்கியங்களைக் காட்டுங்கள்: பிரையன் பதறும்போதெல்லாம் அவை துண்டுதுண்டாகும், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால் அந்த வகுப்பை மறக்க மாட்டார்கள். அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை இருந்தால் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சினிமாவை முதலில் போட்டுக் காட்டலாமா?

1990இல் வந்த படம் இருக்கிறது. புத்தகம் முடிந்த பிறகு.

கோடரியைப் பாறையில் தட்டினால் தீ வருமா? நம்பவே முடியவில்லை.

வரும். முள்ளம்பன்றியை விரட்ட இருட்டில் எறிந்த கோடரி குகைச் சுவரில் பட்டுப் பொறி பறக்கிறது. கடினமான கல் இரும்பிலிருந்து நுண்ணிய துகள்களைச் சீவி எடுக்கிறது, சூடேறிய அந்தத் துகள்கள் காற்றில் எரிகின்றன.

தவறு. பொறி கல்லிலிருந்துதான் வருகிறது, இரண்டு வெள்ளைக் கல்லை உரசினாலே தெரியுமே.

தெரியும். ஆனால் அந்த வெள்ளைக் கற்களை, அதாவது குவார்ட்ஸை, உரசும்போது தெரிவது வெறும் வெளிச்சம், அதில் பஞ்சுகூடப் பற்றாது.

ஆதிமனிதனிடம் இரும்பு ஏது?

நல்ல கேள்வி. பைரைட் என்ற கனிமத்தில் இரும்பும் கந்தகமும் இருக்கின்றன, அதைச் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டினால் எரியும் பொறி வரும். மரத்தோடு மரம் கடைந்தும் தீ உண்டாக்கினார்கள். இந்தச் சண்டையை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோங்கள், ஏனென்றால் பொறி கிடைத்த பிறகும் பிரையனுக்குத் தீ கிடைப்பதில்லை. காய்ந்த புல் பற்றவில்லை, கிழித்த இருபது டாலர் நோட்டு பற்றவில்லை, பிர்ச் மரப்பட்டையை மயிரிழையாக உரித்து, ஊதிக் காற்றும் கொடுத்த பிறகுதான் பற்றுகிறது. ஒவ்வொரு தோல்விக்கும் என்ன குறைவு என்று பலகையில் எழுத வையுங்கள். செய்து பார்க்க மட்டும் விடாதீர்கள்.

படத்தைப் பாதியிலாவது காட்டலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

பறவை தின்னும் பழத்தை மனிதனும் தின்னலாம் என்று கற்றுக்கொடுக்கலாம்தானே?

கூடவே கூடாது! பிரையன் பறவைகளைப் பார்த்துத்தான் அந்தப் பழத்தைத் தின்றான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பறவைக்கு ஒன்றும் செய்யாத பழம் மனிதனுக்கு விஷமாக இருக்கலாம். இது காட்டில் பிழைக்கும் கையேடு இல்லை. வழி தவறினால் இருந்த இடத்திலேயே இரு என்பதைத்தான் பிள்ளைகள் எடுத்துப்போக வேண்டும்.

நேரமில்லை, சுருக்கத்தை வைத்தே நடத்திவிடலாமா?

முழுதும் படிக்கச் சொல்லி ஆரம்பத்திலேயே எழுதினேனே. தேடி வந்த விமானம் திரும்பிப் போனதும் பிரையன் கோடரியால் தன்னையே வெட்டிக்கொண்டு சாக முயல்கிறான். 13ஆம் அத்தியாயத்தில் சில வரிதான், சுருக்கத்தில் விடுபட்டுப்போகலாம். பெற்றோருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் முன்பே சொல்லுங்கள், அந்தப் பக்கத்தைத் தனியாகப் படிக்க விடாதீர்கள், அவன் மறுபடி எழுந்து வாழத் தீர்மானித்த இடம் வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு மணி அடிக்கட்டும்.

அடுத்த பாகம்?

'தி ரிவர்', 1991. 'பிரையன்ஸ் விண்டர்', 1996, தொடர்ச்சி இல்லை, மாற்று முடிவு: பிரையன் மீட்கப்படாமல் குளிர்காலத்தில் மாட்டியிருந்தால் என்ற கதை.

பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். பிரையன் தன் அம்மாவை வேறொரு ஆணுடன் பார்த்துவிட்ட 'ரகசியம்' வரும் இடத்தை என்ன செய்வது?

தாண்டிப் போகாதீர்கள், உங்கள் வீட்டில் எப்படி என்றும் கேட்காதீர்கள். கடைசிவரை அப்பாவிடம் அதை ஏன் சொல்லவில்லை என்று பிரையனைப் பற்றி மட்டும் கேளுங்கள். பதிலை எழுதி மடித்துத் தரலாம், வாசித்துக் காட்ட வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.