பிள்ளையை நெஞ்சோடு வைக்கப் பை வேண்டாம், ஒரு சாரம் போதும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: “மனைவிக்கு 35 கிழமையில் சிசேரியன். பிள்ளை 1,950 கிராம். வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கச் சொல்லி வாட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வேர்வை பட்டால் சளி பிடிக்கும், ஆம்பிளை வைக்கக் கூடாது என்கிறார் மாமி. மனைவிக்குத் தையல் நோவு. இதற்கென்றே ஒரு பை இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கட்டுமா?”

வாங்காதீர்கள். குறைமாதப் பிள்ளையை வெறும் நெஞ்சோடு கட்டிச் சூடாக வைக்கும் இந்தக் ‘கங்காரு’ முறைக்குப் பை தேவையில்லை. பாமசியில் ஒரு டிஜிட்டல் தேர்மோமீற்றர் வாங்குங்கள், மிச்சக் காசை மனைவியின் சாப்பாட்டுக்கு வையுங்கள்.

கடையில் வரும் தூக்குப் பைகள் வளர்ந்த பிள்ளைக்குச் செய்தவை. பலவற்றில் 3 கிலோவுக்கு மேல் என்று எழுதியே இருக்கும். 2 கிலோகூட இல்லாத பிள்ளை அதற்குள் சுருண்டு இறங்கிவிடும், நாடி நெஞ்சில் முட்டும். குறைமாதப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லியது, கழுத்து மடிந்தால் அடைபடும். பிள்ளை அழாது, சத்தமில்லாமல் நீலம் பாரிக்கும். போதாததற்கு, பையின் பஞ்சு இடையில் நிற்பதால் தோலோடு தோல் படுவதுமில்லை. பை விற்க வருகிறவர் பலவேளை அதோடு நிற்கவும் மாட்டார். “தாய்ப்பால் காணாது” என்று அடுத்து பால்மா டின்னும் போத்தலும் வரும். பால்மாவுக்கு விளம்பரம் செய்வதற்கு எதிராக இலங்கையில் 1983ஆம் ஆண்டே விதிக்கோவை வந்துவிட்டது. வாசலுக்கு வரும் டின்னை வாங்கி வைக்காதீர்கள். நெஞ்சோடு வைத்தாலே பால் சுரப்பு கூடும்.

தையல் பிரித்த பழைய பருத்திச் சாரம் ஒன்றை நீளவாக்கில் மடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு நப்பி, தொப்பி, காலுறை மட்டும். நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி, கைகால் தவளைபோல் மடிந்திருக்க வையுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, நாடி சற்று மேலே தூக்கியிருக்கவேண்டும். துணியின் மேல்விளிம்பு பிள்ளையின் காதுக்குச் சற்றுக் கீழே வரட்டும். நெஞ்சுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு, முடிச்சு உங்கள் பக்கவாட்டில். தலையணைகளை அடுக்கிப் பாதி சாய்ந்திருங்கள். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

ஒருமுறை வைத்தால் ஒரு மணித்தியாலமாவது எடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை. ஒரு தாய் தனியே செய்யக்கூடிய வேலையா இது? தையல் நோவோடு இருப்பவருக்கு நீங்கள் கட்டாயம் தேவை. தகப்பனின் நெஞ்சிலும் சூடு இருக்கிறது. மாமியின் நெஞ்சிலும் இருக்கிறது, அவரையும் ஒருதரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேர்வையால் சளி வராது, குளிரால்தான் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. வயலில் மருந்தடித்துவிட்டு வந்தால் மட்டும் சவர்க்காரம் போட்டு முழுகி, துவட்டிவிட்டுத் தூக்குங்கள். சுடுதண்ணிப் போத்தலோ பல்ப் சூடோ வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கக்கத்தில் 36.5 முதல் 37.5 பாகை வரை சரி. சுடும் கச்சான் காற்று வீசும் நாட்களில் அதற்கு மேலே போனால் தொப்பியையும் காலுறையையும் கழற்றி, துணியைத் தளர்த்தி, அரை மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பால் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நித்திரை என்றாலும் எழுப்பிக் கொடுக்கவேண்டும்.

பிள்ளை நெஞ்சிலிருக்க நித்திரை கொள்ளலாமா என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கட்டிலில் பாதி சாய்ந்து, துணி இறுக்கமாக இருந்து, பக்கத்தில் இன்னொருவர் விழித்திருந்தால் கண்ணயரலாம். சோபாவில் கூடாது. சாய்மனைக் கதிரையில் கூடாது. பிள்ளை சரிந்து மெத்தைக்கும் உடம்புக்கும் இடையில் அகப்படும். மது அருந்தியவர், நித்திரை தூக்கும் மாத்திரையோ இருமல் பாணியோ குடித்தவர், விழித்திருந்தாலும் அன்றைக்கு வைக்கக் கூடாது. புகைப்பவர் பிள்ளையோடு படுக்கவே கூடாது. இரண்டு இரவு கண்விழித்து வேலைக்குப் போய் வந்தவரும் குடித்தவரைப்போலத்தான், முதலில் நித்திரை கொள்ளட்டும்.

1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை இது. இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகள் நான்கிலும் 1 முதல் 1.8 கிலோ வரையான பிள்ளைகளிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே தொடங்கியபோது முதல் 28 நாள் மரணங்கள் காற்பங்கு குறைந்தன. இவ்வளவு தெரிந்தும் எத்தனையோ வாட்டுகளில் தகப்பன் பார்வை நேரத்துக்காகக் கேற்றடியில் நிற்கிறார், தாய்க்குச் சாய்ந்திருக்க ஒரு கதிரை கிடையாது. கட்டும் முறையை ஒருதரம் கையால் செய்துகாட்டக்கூட நேரமில்லாமல் துண்டு வெட்டி அனுப்புகிறார்கள். உங்களையும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள். எனவே உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவை நாளைக்கே வரச்சொல்லி, அவர் முன்னால் கட்டிக் காட்டுங்கள். அது இலவசம், உங்கள் உரிமை.

பால் குடிக்க மறுத்தால், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால், நெஞ்சு உள்ளிழுத்தால், உதடு நீலமானால், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால், ஒரு மணித்தியாலம் அணைத்தும் கால் குளிர்ந்தே இருந்தால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரையும், அதற்குள்ளும், பிள்ளை நெஞ்சிலேயே இருக்கட்டும்.

நிறை 2.5 கிலோவை நெருங்கும்போது பிள்ளையே துணிக்குள் நெளிந்து, கையை வெளியே இழுத்து, இனிப் போதும் என்று காட்டும். அப்போது நிறுத்துங்கள்.