கனவையும் பைத்தியத்தையும் வைத்துச் சிரிக்க வைக்கும் கறுப்பின நாடகம் ஏதாவது உண்டா?

உண்டு. டெரக் வால்காட் எழுதிய 'ட்ரீம் ஆன் மங்கி மவுண்டன்'. வால்காட் என்றாலே 1992-இல் நோபல் வாங்கிய கரீபியன் தீவான செயின்ட் லூசியாவின் கவிஞர் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆள் சரியான நையாண்டிக்காரர். நாடகம் 1967-இல் டொராண்டோவில் முதலில் மேடையேறியது. 1971-இல் நியூயார்க்கில் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி போட்டபோது ஓபி என்ற நியூயார்க் நாடக விருதும் வாங்கியது.

மகாக் என்று ஒரு கிழவன். மலையில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவன். சந்தைக்கு வந்த இடத்தில் குடித்துவிட்டு ஒரு கடையை நொறுக்கியதால் ராத்திரி லாக்கப்பில் கிடக்கிறான். தன் கறுப்பு முகத்தின் மேல் அவனுக்கு அத்தனை வெறுப்பு. முப்பது வருடமாகக் கண்ணாடியே பார்த்ததில்லை. குட்டையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தால்கூட, முகம் தெரியாதபடி முதலில் கையால் கலக்கிவிட்டுத்தான் குடிப்பான். இவன் முன்னால் ஒரு வெள்ளைக்காரி தோன்றி, 'நீ ஆப்பிரிக்க ராஜ வம்சம்' என்று சொன்னாளாம். போதாதா? ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடுகிறான்.

சிரிப்பு லாக்கப்பிலேயே ஆரம்பிக்கிறது. காவலுக்கு இருக்கும் கார்ப்பரல் லெஸ்ட்ராட் கலப்பினத்தவன், ஆங்கிலேயச் சட்டத்தின் பரம பக்தன். திடீரென்று வக்கீல் விக்கை மாட்டிக்கொண்டு வழக்கு நடத்துகிறான். பக்கத்துக் கூண்டில் இருக்கும் இரண்டு திருடர்கள்தான் நீதிபதிகள்! கிழவனை உட்கார், எழுந்திரு என்று குரங்காட்டியைப் போல ஆட்டிவைக்கிறான்.

அப்புறம் லாக்கப்பிலிருந்து தப்பிய மகாக்கைத் துரத்திக்கொண்டு போன காட்டுக்குள் இதே லெஸ்ட்ராடுக்குப் புத்தி பேதலிக்கிறது. உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆப்பிரிக்காவே கதி என்கிறான். ஆனால் மகாக் ராஜாவாக வீற்றிருக்கும் தர்பாரில் பார்த்தால், பழைய வக்கீல் தோரணை அப்படியே இருக்கிறது. சரித்திரத்தையே கூண்டில் ஏற்றுகிறான். ஷேக்ஸ்பியர், கலிலியோ, ஆபிரகாம் லிங்கன் என்று பட்டியல் நீள்கிறது. குற்றம், வெள்ளையாக இருந்தது. நடுவில் நாம் காமிக்ஸில் படித்த வேதாளர், மந்திரவாதி மாண்ட்ரேக் பெயர்களும் வர, சபை சிரித்துவிடுகிறது. 'இது சிரிக்கிற விஷயமில்லை' என்று அதட்டிவிட்டு அடுத்த பெயராக டார்சானை வாசிக்கிறான்.

எல்லோரும் மகாக்கைத்தான் கிறுக்கன் என்பார்கள். என்னைக் கேட்டால் முற்றிய கேஸ் இந்த லெஸ்ட்ராட்தான். எஜமானன் மாறினாலும் சட்டம் பேசும் வெறி மட்டும் அவனை விட்டுப் போவதே இல்லை. அவன் வரும் இடமெல்லாம் சிரிப்பு வருகிறது, கூடவே கொஞ்சம் பயமும்.

லாஜிக் பார்க்காதீர்கள். இது ஒரு கனவு, முன்னுக்குப் பின் முரணாகத்தான் இருக்கும் என்று வால்காட்டே முன்குறிப்பில் சொல்லிவிடுகிறார். சந்தையில் அடிபட்டுச் செத்த கூட்டாளி மூஸ்டிக், விடிந்ததும் மகாக்கைக் கூட்டிப்போக வந்து நிற்பான்!

காட்டுக் காட்சிகளில் வசனம் ரொம்ப நீளம், அங்கே எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆங்கிலமும் கிரியோல் என்ற அந்தத் தீவுப் பேச்சுமொழியும் கலந்த வசனம் முதலில் கொஞ்சம் மிரட்டும். லாக்கப் காட்சியை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.