கதவைத் திறந்துவைத்து ஃபேன் போட்டால் டிரைவ் பிழைக்குமா?

கடலூர் முதுநகரில் ஐஸ் பிளாண்ட் நடத்தும் வாசகர் கேட்கிறார்: "30 ஹெச்.பி. கம்ப்ரஸருக்கு 22 கிலோவாட் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) போட்டோம். மத்தியானமானால் ஓவர்டெம்பரேச்சர் டிரிப், சூடு மீறித் தானே நின்றுவிடுகிறது. பேனல் கதவைத் திறந்து ஃபேன் வைத்தால் ஓடுகிறது. ஆனால் இரண்டு வருஷத்தில் இரண்டு டிரைவ் போய்விட்டது. அடுத்து எதை வாங்குவது?"

அந்த ஃபேனை முதலில் எடுத்துவிடுங்கள். டிரிப்பை நிறுத்தியதும் அதுதான், டிரைவைக் கொன்றதும் அநேகமாக அதுதான்.

உங்கள் அம்மோனியா மெஷினில் எங்காவது செம்புக் குழாய் இருக்கிறதா? இருக்காது. அம்மோனியா செம்பை அரித்துவிடும் என்று உங்கள் ஆபரேட்டருக்கே தெரியும். டிரைவுக்குள் இருக்கும் போர்டு முழுக்கச் செம்புக் கோடுகள்தான். கம்ப்ரஸர் கிளாண்டில் (தண்டு வெளியே வரும் அடைப்பில்) கசியும் அம்மோனியா வாயுவையும் துறைமுகத்து உப்புக்காற்றையும் சேர்த்து ஃபேன் அதன்மேல் அடிக்கிறது. போன டிரைவைக் கழற்றிப் பாருங்கள். காற்று நுழையும் பக்கத்தில் டெர்மினல் முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும்.

இனி கணக்கு. டிரைவை ஹெச்.பி. பார்த்து வாங்கக் கூடாது, ஆம்பியர் பார்த்துதான் வாங்க வேண்டும். 30 ஹெச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் முழு லோடில் சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். 22 கிலோவாட் என்று விற்பது பல நேரம் நார்மல் டியூட்டி கணக்கு, அதாவது ஒரு நிமிஷத்துக்கு 110 சதவீத லோடுதான் தாங்கும். அது ஃபேனுக்கும் பம்புக்கும் போதும். பிஸ்டன் கம்ப்ரஸருக்கு 150 சதவீதம் தாங்கும் ஹெவி டியூட்டியில் 22 கிலோவாட் வேண்டும். லேபிளில் அநேகமாக அது நார்மல் டியூட்டி 30 கிலோவாட் என்றிருக்கும்.

லேபிளில் உள்ள ஆம்பியர் பொதுவாக 40 டிகிரிக்குச் சொன்னது. அதற்கு மேல் டிகிரிக்கு 1 சதவீதமாவது கழியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் மூடிய பேனலுக்குள் 50 சர்வசாதாரணம். போதாததற்கு டிரைவே தன் வழியே போகும் பவரில் சுமார் 3 சதவீதத்தைச் சூடாகக் கக்கும். 600 வாட்டுக்கு மேல் ஹீட்டரைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த மாதிரி!

ஆகவே என் யோசனை: டிரைவைக் கம்ப்ரஸர் ரூமை விட்டு வெளியேற்றுங்கள். பக்கத்தில் சின்ன அறை, ஒரு டன் ஏ.சி., கதவுச் சந்தெல்லாம் அடைப்பு. கோட்டிங் அடித்த போர்டு, 3சி3 வகுப்பு (அரிக்கும் வாயுவைத் தாங்கும் தரம்) என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. இடமே இல்லையென்றால் தூசியும் தண்ணீரும் புகாதபடி மூடிய ஐ.பி.55 டிரைவ். விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு டிரைவுக்குக் கொடுத்த பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறை மாறினால் கேபிள் நீளும். 50 மீட்டரைத் தாண்டினால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அவுட்புட் சோக் (காயில்) போடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் முனையில் வோல்டேஜ் இரட்டிப்பாகி வைண்டிங் இன்சுலேஷன் போகும். சப்ளை வரும் பக்கம் லைன் சோக், சர்ஜ் அரெஸ்டர், செமிகண்டக்டர் ஃபியூஸ் மூன்றும் வேண்டும். எம்.சி.சி.பி. பிரேக்கர் மட்டும் டிரைவுக்குள் இருக்கும் டயோடைக் காப்பாற்றாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை, புயல் மழைக் காலத்தில் வேறு கதை. 2011 தானே புயலுக்குப் பிறகு நம் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. குளிர்ந்து கிடக்கும் போர்டில் ஈரம் வியர்த்திருக்கும்போது சுவிட்சைப் போட்டால் வெடிக்கும். பேனலுக்குள் சின்ன ஸ்பேஸ் ஹீட்டர் வைத்து, ஜெனரேட்டரிலாவது சில மணி நேரம் உலர்த்திய பிறகே சப்ளை கொடுங்கள். மோட்டாரை மெகர் (இன்சுலேஷன் சோதனை) பார்ப்பதானால் டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.